பழவேற்காடு ஏரியில் இரவில் ஓடும் படகுகளுக்கு விளக்கு வேண்டும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கும், பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களின் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

பழவேற்காடு ஏரியில் பொழுது சாய்ந்த பிறகு ஓடும் ஒவ்வொரு படகிலும் விளக்கு எரிய வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதற்கான ஏற்பாட்டைத் துறை செய்து தர வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். எப்படிப்பட்ட விளக்கு, எங்கே பொருத்துவது, யார் செலவில், எந்த விதியின் கீழ் என்பதையெல்லாம் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

நான் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். சரக்குக் கப்பல்களில் டெக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். கப்பலில் இரவு வாட்ச் என்றால் கண்ணுக்கு ஒரே வேலைதான். அடிவானத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அது என்ன நிறம், எந்தப் பக்கம் நகர்கிறது, நம்மை நோக்கி வருகிறதா என்று பார்த்து உடனே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருக்கும் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் எங்கள் ஏரியில் இரவில் நடப்பதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் பழவேற்காடு பாலத்தின் மேல் நின்று பாருங்கள். முதலில் எஞ்சின் சத்தம் கேட்கும். வடக்கே இருந்து ஒன்று, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இருந்து இன்னொன்று. சத்தம் நெருங்கிக்கொண்டே வரும், படகு மட்டும் கண்ணில் படாது. அப்புறம் திடீரென்று பாலத்துக்குக் கீழே தண்ணீர் கிழியும் வெள்ளைக் கோடு தெரியும். அதற்குள் படகு பாலத்தைத் தாண்டிவிடும். சில படகுகளில் யாராவது ஒருவர் நெற்றியில் கட்டிய டார்ச்சை இரண்டு முறை மின்னிவிட்டு அணைப்பார். மேலே நின்று பார்க்கிற எனக்கே படகு தெரியவில்லை என்றால், தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஏரியின் அமைப்பு தெரியாதவர்கள், இவ்வளவு பெரிய ஏரியில் இரண்டு படகு மோதுமா என்று கேட்கலாம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஆனால் பரப்பு பெரிதே தவிர ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர், சில இடங்களில் முழங்கால். எஞ்சின் போட்ட ஃபைபர் படகு எல்லா இடத்திலும் போக முடியாது. தண்ணீர் ஓட்டத்தில் தானாக ஆழப்பட்ட சில தடங்கள் உண்டு, எல்லாப் படகும் அந்தத் தடங்களில்தான் வந்தாக வேண்டும். முகத்துவாரத்துக்கு அருகே அந்தத் தடம் இன்னும் குறுகிவிடும். விடியலுக்கு முன், கடலுக்குப் போகிற படகுகள் வெளியே கிளம்பும் அதே நேரத்தில், இரவெல்லாம் ஏரியில் இறாலுக்கு வலை வைத்தவர்கள் கரை திரும்புவார்கள். துடுப்பு போட்டும் கோல் ஊன்றியும் நகரும் சின்னப் படகுகளும் அதே வழியில்தான். இத்தனையும் இருட்டில், பழக்கத்தையும் காதையும் நம்பி நடக்கிறது.

காதை நம்பலாமா? சொந்தப் படகின் அவுட்போர்டு எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருக்கும்போது எதிர்ப்படகின் சத்தம் கேட்காது. கோல் ஊன்றிப் போகிறவருக்கு எஞ்சின் சத்தம் கேட்கும், ஆனால் எஞ்சின்காரருக்குக் கோல் படகு கேட்கவே கேட்காது. ஒதுங்கிக்கொள்ள முடியாத படகுக்குத்தான் ஆபத்து தெரிகிறது, ஒதுங்கக்கூடிய படகுக்குத் தெரிவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஃபைபர் படகுகள் ஆளுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் குறைகிறது. விளக்கில்லாத படகு நட்சத்திர வெளிச்சத்தில் 50 மீட்டரில் கண்ணில் பட்டால், மோதலுக்கு 6 நொடிதான் இருக்கும். பார்த்து, புரிந்து, எஞ்சினைத் திருப்பி, பாரம் ஏற்றிய படகு வளைந்து விலக அது போதாது. அதே படகில், சர்வதேச விதி சின்னக் கலங்களுக்குச் சொல்லும் பக்க விளக்கு எரிந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தூரத்திலேயே தெரியும். அப்போது கையில் இருப்பது மூன்றரை நிமிடத்துக்கும் மேல். மூன்றரை நிமிடத்தில் பேசி முடிவெடுத்தே விலகலாம்.

அந்த விதிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள்தான் உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பவை. ஒரு கடல் மைலுக்குத் தெரிய வேண்டிய விளக்கின் ஒளிச்செறிவு 0.9 கேண்டெலா இருந்தால் போதும் என்று அதன் இணைப்பு சொல்கிறது. ஒரு கேண்டெலா என்பது ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சம். இரண்டு மைலுக்கு 4.3 கேண்டெலா. சந்தை நாளில் கடைக்கு முன்னால் தொங்கவிடும் பல்பு இதைவிடப் பல மடங்கு பிரகாசம். ஆக, நாம் படகில் ஏற்ற வேண்டியது ஜெனரேட்டரையோ பெரிய பேட்டரியையோ இல்லை. சரியான நிறத்தில், சரியான உயரத்தில், சரியான திசைக்குத் தெரியும் சின்ன வெளிச்சம் இருந்தால் போதும்.

நிறமும் திசையும் ஏன் முக்கியம் என்று எங்கள் பிள்ளைகளே கேட்கிறார்கள். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்வரை, 112.5 பாகைக்கு மட்டும் தெரியும்படி மறைப்பு வைத்திருக்க வேண்டும். அந்த மறைப்பில்தான் எல்லாமே இருக்கிறது. எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் படகு நேராக உங்களை நோக்கி வருகிறது, இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். உங்களுக்கு வலப்பக்கத்தில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்கள் முன்னால் குறுக்கே இடப்பக்கமாகப் போகப் பார்க்கிறது, நீங்கள்தான் வழிவிட வேண்டும். இடப்பக்கத்தில் பச்சை மட்டும் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் அவர், ஆனாலும் கண்ணை எடுக்கக் கூடாது. வெள்ளை மட்டும் தெரிந்தால் ஒன்று நீங்கள் அதன் பின்னால் வருகிறீர்கள், அல்லது அது நங்கூரம் போட்டு நிற்கிறது, அல்லது ஒரு சின்னப் படகு. எப்படியிருந்தாலும் நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில், முன்பின் தெரியாத இரண்டு பேர் இத்தனை விஷயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிகிறது. கப்பலில் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், மனிதர்கள் உருவாக்கிய விதிகளில் இவ்வளவு அழகான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த விதிகள் ஏழைப் படகுக்காரரை நசுக்குபவை என்கிற எண்ணமும் ஊரில் இருக்கிறது. உண்மையில் அவற்றை எழுதியவர்கள் சின்னப் படகை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். 12 மீட்டருக்குக் குறைவான எஞ்சின் படகுக்குக் கப்பல் மாதிரி கம்பத்தின் உயரத்தில் முன்னோக்கி எரியும் முகட்டு விளக்கும் பின் விளக்கும் தனித்தனியாகத் தேவையில்லை. எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கும் இரு பக்க விளக்குகளும் போதும். 7 மீட்டருக்குக் குறைவாக, மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் ஓட முடியாத படகு என்றால் அந்த வெள்ளை விளக்கு கட்டாயம், பக்க விளக்குகளை முடிந்தால் வைத்தால் போதும். துடுப்பு போட்டுப் போகும் படகுக்கு ஒரு டார்ச்சோ அரிக்கேன் விளக்கோ கையெட்டும் தூரத்தில் இருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரத்துக்கு முன் காட்டினால் சரி. கோல் ஊன்றி நண்டு பிடிக்கப் போகும் பெரியவரிடம் இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தண்ணீர் புகாத டார்ச் ஒன்று கொடுத்தால் போதும். அதைக்கூட நாம் இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் ஆட்கள் சொல்லும் மறுப்புக்கு வருகிறேன். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட்டு எந்த அதிகாரியும் ஏரிக்கரையில் ஒரு விளக்கைக்கூட எரிய வைக்க முடியாது. அவர்கள் சொல்வது இதுதான்: “விளக்கு போட்டா கண்ணு கூசுது. இருட்டுக்குப் பழகின கண்ணு கெட்டுப்போயிடும். அப்புறம் கம்பும் தெரியாது, மணல்திட்டும் தெரியாது.” நூற்றுக்கு நூறு உண்மை. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒரு பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். ஊரில் ஒன்றிரண்டு பேர் ஆர்வத்தில் படகின் முன்பக்கமான அணியத்தில் பெரிய எல்.இ.டி. விளக்கைக் கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று கழற்றி வைத்ததும் இதனால்தான். அவர்கள் கட்டியது வழியைப் பார்ப்பதற்கான விளக்கு. ஏரியில் வேண்டியது அடுத்தவர் நம்மைப் பார்ப்பதற்கான விளக்கு. இரண்டும் வேறு வேறு பொருள்கள், பொருத்தும் இடமும் வேறு.

என் தங்கை மகனுடைய ஃபைபர் படகில் நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன். எஞ்சின் பிடிப்பவன் உட்காருவது படகின் பின்பக்கமான அமரத்தில். அவன் தலைக்குப் பின்னால், அவன் எழுந்து நின்றாலும் தலை மறைக்காத உயரத்துக்கு ஒரு பி.வி.சி. குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் வெள்ளை விளக்கு. அதன் அடியில் ஒரு தட்டையான கறுப்பு மூடி, வெளிச்சம் படகுக்குள் விழாமல் பக்கவாட்டில் மட்டும் போகும்படி. அணியத்தின் நுனியில் சிவப்பும் பச்சையும் ஒரே கூட்டில் இருக்கும் சின்ன விளக்கு, நடுவே ஒரு தடுப்பு. அந்த வெளிச்சம் முன்னோக்கித்தான் போகும், பின்னால் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படாது. வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழாய் அதைத் தாண்டியே நிற்கிறது. வலை இழுக்கும்போது இடைஞ்சலாக இருக்குமே என்று குழாயை ஒரு கொக்கியில் மாட்டி, சாய்த்து வைக்கிற மாதிரி செய்தோம்.

மின்சாரம்? 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் 84 வாட்-அவர் இருக்கும். ஆளுக்கு 2 வாட் எடுக்கும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் 12 மணி நேரம் எரிந்தால் செலவாவது 48. மார்கழி மாத நீண்ட இரவுக்கும் தாங்கும், மிச்சமும் இருக்கும். உப்புக்காற்றுதான் உண்மையான எதிரி. செம்புக் கம்பியைச் சாதாரணமாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் சில வாரங்களில் பச்சை பூத்து விளக்கு செத்துவிடும். வெள்ளீயம் பூசிய கம்பி, இணைப்பில் கிரீஸ், மேலே சூட்டில் சுருங்கும் ரப்பர் உறை, பேட்டரிக்கு மூடிய டப்பா. இவை இல்லாமல் துறை விளக்கு வழங்கினால் பொங்கலுக்குக் கொடுத்தது சித்திரைக்கு எரியாது. டெண்டர் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மறுப்பு, “இந்த ஏரிக்கு எந்தச் சட்டம்?” என்பது. இதைக் கேட்பது பெரும்பாலும் அலுவலகங்கள்தான். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 2021-ல் நாடு முழுமைக்கும் ஒரே உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. எஞ்சின் இல்லாத கலங்களைப் பற்றியும் அது பேசுகிறது. கடலில் மீன் பிடிக்கும் படகுக்கு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரியோடு சேருகிறது, அந்தக் கால்வாயோ தேசிய நீர்வழி 4-இன் பகுதி. ஏரி பறவைகள் சரணாலயமும் கூட, அதனால் வனத்துறை. வடக்கே பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் இருக்கிறது. இப்படி ஒரே தண்ணீருக்கு இத்தனை வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் உரிமை இருப்பதால், இரவு விளக்கு யாருடைய மேசையிலும் கோப்பாக வந்து உட்காரவில்லை.

ஆனால் விதியில் குழப்பம் இல்லை. கடலோடு இணைந்த, கடற்கலங்கள் போகக்கூடிய எல்லா நீரிலும் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் பொருந்தும். ஏரிக்கும் ஆற்றுக்கும் உள்ளூர் அதிகாரம் தனி விதி போட்டுக்கொள்ளலாம், அதுவும் முடிந்தவரை அவற்றை ஒத்திருக்க வேண்டும் என்று அதன் முதல் விதியே சொல்கிறது. காலையில் எங்கள் முகத்துவாரத்தைத் தாண்டி வங்கக்கடலுக்குப் போகும் அதே படகுதான் மாலையில் ஏரிக்குள் நிற்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டியதும் படகு மாறுவதில்லை, எனவே அதன் விளக்கும் மாற வேண்டியதில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் ஆணை பிறப்பிப்பது என்பதை நீங்கள் துறைகளுக்குள் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது ஒரே பக்கத்தில், தமிழில், படத்தோடு ஓர் அறிவிப்பு. வலைக்கூடத்துச் சுவரில் ஒட்டி வைக்கிற மாதிரி.

ஆணை வந்த மறுநாளே அபராதச் சீட்டோடு யாரும் ஏரிக்கரைக்கு வரக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். அப்படி வந்தால் நடக்கப்போவது எனக்குத் தெரியும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் விளக்கு எரியும். அவுட்போர்டு எஞ்சினுக்குத் துறை மானியம் தருகிறது. அதே மானியத்தில் ஒரு விளக்குத் தொகுப்பையும் சேர்த்துவிடுங்கள். எஞ்சின் வாங்குபவர் விளக்கோடுதான் வாங்க முடியும் என்று வைத்துவிட்டால் புதுப் படகுகளுக்குத் தொல்லை தீர்ந்தது. ஏற்கெனவே ஓடுகிற படகுகளுக்கு, பதிவு புதுப்பிக்கும்போது கொடுங்கள். உயிர்காப்புச் சட்டை கொடுப்பதும் அவசியம்தான், ஆனால் அது தண்ணீரில் விழுந்த பிறகு உதவுவது. விளக்கு இருந்தால் விழுவதையே தவிர்க்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடிய அளவுக்கு இந்த விளக்கு விலை உயர்ந்ததும் இல்லை.

ஏரியில் ஊன்றி வைத்திருக்கும் வலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சவுக்குக் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டுகிறோம். தண்ணீர் ஏறியிருக்கும்போது கம்பின் நுனி மட்டும் வெளியே நிற்கும். இருட்டில் வேகமாக வரும் படகு அதில் ஏறினால் வலைக்காரருக்கும் நட்டம், படகுக்காரருக்கும் நட்டம், எஞ்சின் விசிறியில் வலை சுற்றினால் படகு கவிழவும் கூடும். ஒவ்வொரு கம்பிலும் விளக்கு கட்ட முடியாது. வரிசையின் இரு முனைக் கம்புகளில் லாரியின் பின்னால் ஒட்டும் ஒளி திருப்பும் பட்டையைச் சுற்றினால் ஒரு டார்ச் அடித்தவுடன் மின்னும். 150 மீட்டருக்கு மேல் வலை நீட்டி மீன் பிடிக்கும் கலம், வலை இருக்கும் திசையில் ஒரு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த விதியின் நோக்கத்தை நம் ஊருக்கு ஏற்றபடி இப்படி நிறைவேற்றலாம்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் இறாலுக்கு வலை வைப்பது என்பதைப் பாடு முறைப்படி தலைமுறை தலைமுறையாக நீங்களே முடிவு செய்து வருகிறீர்கள். எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுக்கவில்லை, எந்தப் போலீசும் காவல் நிற்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடு முறையை மீறி ஒருவர் வலை வைத்துவிட முடியாது. படித்தவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ஆராய்ச்சி செய்துவிட்டுப் போகிற அளவுக்கு அது உறுதியான ஏற்பாடு. அவ்வளவு கட்டுப்பாட்டை நடத்திக் காட்டிய ஊர்களுக்கு, “விளக்கில்லாத எஞ்சின் படகு பொழுது சாய்ந்த பிறகு தடத்தில் இறங்கக் கூடாது” என்று ஒரு தீர்மானம் போடுவது கடினமான காரியமா? துறையின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் நீங்கள் சொன்னால் அன்று இரவே நடக்கும். கோல் படகுக்காரர்களை இதில் சிரமப்படுத்த வேண்டாம், அவர்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடே.

சுற்றுலாப் படகு விஷயத்தில் என் கருத்து இன்னும் கடுமையானது. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஊர் தண்ணீரில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அது பகலில் நடந்தது. 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தின் தானூரில், பூரப்புழா முகத்துவாரத்துக்கு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து அங்கேயும் 22 பேர், பெரும்பாலும் குழந்தைகளும் பெண்களும். அந்தப் படகு பொழுது சாய்ந்த பிறகும் ஆள் ஏற்றிப் போனது. இருட்டில் யார் எங்கே விழுந்தார்கள் என்று தெரியாமல் மீட்புக்கு வந்தவர்கள் தவித்தார்கள். இரண்டு விபத்தும் மோதலால் வந்தவை இல்லைதான், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் பாதுகாப்புச் சாமான் இல்லாததும் முதல் காரணங்கள். ஆனால் இருட்டு ஒரு விபத்தை எவ்வளவு பெரிய சாவாக ஆக்கும் என்பதற்கு தானூர் போதும். ஆகவே சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றும் எந்தப் படகும் விளக்கு இருந்தாலும்கூட சூரியன் மறைந்த பிறகு ஓடக் கூடாது. மீனவருக்கு இரவு என்பது பிழைப்பு நேரம். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அப்படி எந்த அவசியமும் இல்லை.

இன்னொரு புதுத் தொல்லையும் தலைகாட்டுகிறது. திருவிழாவுக்குக் கட்டும் கலர் சீரியல் பல்பையும் எல்.இ.டி. பட்டையையும் படகு விளிம்பில் ஒட்டிக்கொண்டு சில இளைஞர்கள் ஓட்டுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் நீலமும் மின்னினால் எதிரே வருகிறவர் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தப்புக்கணக்கு போடுவார். விதி விளக்கோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு எந்த வெளிச்சமும் கூடாது என்று மோதல் தடுப்பு விதிகள் தெளிவாகவே தடுக்கின்றன. தப்பான விளக்கு விளக்கே இல்லாததைவிட மோசம். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களின் வெளிச்சம் வானத்தையே வெளுக்க வைத்திருக்கிறது. அந்தப் பின்னணியில் ஒரு சின்னப் படகின் விளக்கைப் பிரித்துப் பார்ப்பதே சிரமம், அதில் அலங்கார விளக்கும் சேர்ந்தால் என்ன ஆவது.

விளக்கு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1989 ஆகஸ்ட் 20 அதிகாலையில் லண்டனில், தேம்ஸ் ஆற்றில் மார்ச்சியோனெஸ் என்ற உல்லாசப் படகின் மீது மணல் அள்ளும் கப்பல் ஒன்று ஏறி 51 பேர் இறந்தார்கள். இரண்டு கலத்திலும் முன்னும் பின்னும் கண் வைத்துப் பார்க்க ஆள் சரியாக இல்லை என்பதுதான் விசாரணையில் பெரிய குறையாக வந்தது. உலகின் பழைய துறைமுக நகரத்தின் நடுவிலேயே அப்படி நடந்திருக்கிறது. அதனால் விளக்கு வழங்கும்போது, படகில் ஒருவர் அணியத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். கையில் செல்போன் இல்லாமல்.

கடைசியாக முகத்துவாரம். மணல் அடித்து அடித்து அதன் வாய் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கரையில் கான்கிரீட்டில் நிலையான வழிகாட்டி விளக்கு கட்டினால் அடுத்த பருவமழைக்குப் பிறகு அது மணல்மேட்டைத்தான் காட்டும். கலங்கரை விளக்கம் ஊரின் இடத்தைச் சொல்லும், தடத்தைச் சொல்லாது. இங்கே பயன்படுவது பிடுங்கி நடக்கூடிய இரும்புக் கம்பங்கள், உச்சியில் சூரிய ஒளியில் தானே ஏறி இரவில் தானே எரியும் சின்ன விளக்கு. கடலிலிருந்து உள்ளே வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இந்தியத் துறைமுகங்களில் உள்ள அதே முறையில். தடம் நகரும்போது கம்பத்தை நகர்த்தும் பொறுப்பை முகத்துவாரத்துக்கு அருகே உள்ள குப்பங்களுக்குக் கூலி கொடுத்து ஒப்படையுங்கள். தடம் எங்கே திரும்பியிருக்கிறது என்பது அளவெடுக்கும் கருவி வருவதற்கு முன்பே எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் காகிதத்தில் படித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. அடுத்த அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், விடியலுக்கு முன், துறை அதிகாரிகள் இரண்டு மூன்று பேர் ஏரிக்கு வாருங்கள். விளக்கு பொருத்திய படகு ஒன்றும் பொருத்தாத படகு ஒன்றும் தயாராக இருக்கும், ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொருத்தாத படகை எதிரே வர விட்டு, எத்தனை மீட்டரில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்குப் படகையும் அதே மாதிரி. அந்த இரண்டு எண்களையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஆணைக்கு அனுப்புங்கள். எந்த நாள் வருகிறீர்கள் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால், வலை வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்லித் தடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பழவேற்காடு ஏரிக்கரையைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்